சந்தனமா, கருநீலமா

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மெர்சியின் அறைச் சுவரில் இன்று இரண்டு கட்டம் விழுந்திருக்கிறது. இடது பக்கம் சந்தன நிறம், வலது பக்கம் கருநீலம். பெயின்டர் சுடலை காலையிலேயே வந்து, பழைய பச்சையைச் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துக் காட்டினார். "ரெண்டு நாள் வச்சுப் பாருங்க டீச்சரம்மா. காலைல ஒரு மாதிரி இருக்கும், சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும். பொறவு சொல்லுங்க" என்றார். பிறகு தாங்காமல், "ஆனா சந்தனந்தான் நல்லது. டார்க் அடிச்சா ஒரு கோட்டு ரெண்டு கோட்டுல நிக்காது" என்றும் சொல்லிவிட்டார். அவருக்கு வேலை குறைய வேண்டும். அதில் தப்பில்லை.

அறையை வாடகைக்கு விடப்போகிறேன். பணத்துக்காக இல்லை, பள்ளிக்கூட பென்ஷன் எனக்குத் தாராளம். தெருவில் திருட்டு பயம் அதிகமாகிவிட்டது என்கிறார்கள். ஒற்றைப் பொம்பிளை இருக்கிற வீடு என்று தெரிந்தால் சும்மா விடுவார்களா. அதற்குத்தான்.

தங்கை மெர்சி மே மாதம் கல்யாணம் முடித்து மார்த்தாண்டம் போய்விட்டாள். ஐம்பத்து நான்கு வயதில் கல்யாணம். மாப்பிள்ளை ஞானசிகாமணி பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், முதல் மனைவி இறந்துவிட்டார், நல்ல மனுஷர். எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

காலையில் பால்காரரிடம் "நாளையிலிருந்து அரை லிட்டர் போதும்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. நேற்று முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. பி.டி. டீச்சராக இருந்தபோது மைதானத்தின் அந்த மூலையில் நிற்கிற பிள்ளைக்குக் கேட்ட குரல் இது. எனக்கே சிரிப்பாக வந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

காலை வெயில் ஜன்னல் வழியாகச் சந்தனத்தில் பட்டால் அறையே ஒரு சுற்றுப் பெரிதாகிவிடுகிறது. அதே வெயில் கருநீலத்தில் பட்டால் எங்கே போகிறதென்று தெரியவில்லை. மாலையில் கதை வேறு. லைட்டைப் போட்டதும் சந்தனம் அழுது வடிகிறது, கருநீலம் கம்பீரமாக நிற்கிறது. இரண்டிலும் கையை அழுத்தி வைத்துப் பார்த்தேன். கருநீலத்தில் என் விரல் அத்தனையும் பதிந்தது. டார்க் அடித்தால் அழுக்கு தெரியாது என்று இத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன்.

மெர்சிக்கு போட்டோ அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டாள்.

"யக்கா, நீலத்தப் பாத்தா பேங்க் லாக்கருக்குள்ள நிக்க மாதிரி இருக்கு. சந்தனமே அடி. அந்த ரூம்ல எனக்கு வெளிச்சந்தான் பிடிக்கும்."

"ஒனக்கா அடிக்கேன்? வாடகைக்கு வாரவளுக்குலா அடிக்கேன்."

"அப்ப எதுக்கு எங்கிட்ட கேக்க?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்குள் அங்கே யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சந்தனம். முடிவாகிவிட்டது.

ஆகஸ்ட் 14, வியாழன்

வேலை முடிந்தது. அறை பளிச்சென்று இருக்கிறது. சாமான் எதுவும் இல்லாததால் நான் இருமினால்கூட எதிரொலிக்கிறது. சுடலை பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஜன்னல் கம்பிக்கு இன்னொரு கோட் அடித்தால் என்ன என்று கேட்டேன். அவசியம் என்று சொல்ல முடியாது. அடித்தார். பிறகு கதவு நிலைக்கு. பிறகு டீ. அவருடைய மூத்த மகள் திசையன்விளையில் நர்சரி வைத்திருக்கிறாள், இளையவன் மதுரையில் ஏ.சி. மெக்கானிக், மனைவிக்கு முட்டுவலி, மருமகன் கொஞ்சம் கோபக்காரர். எல்லாவற்றையும் கேட்டு வைத்திருக்கிறேன். "நேரமாச்சு டீச்சரம்மா" என்று அவராகத்தான் எழுந்தார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆள் வந்தது. சர்ச்சில் பாஸ்டரின் மனைவி ஐயரம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன், அவர்கள் அனுப்பிவைத்தார்கள். பெயர் வினோதினி. தர்மபுரிப் பக்கம் அரூர். இங்கே ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஐ.சி.யூ.வில் வேலை. இருபத்தேழு இருபத்தெட்டு வயது இருக்கும். ஒல்லி. முதுகு நேராக நிற்கிறது, அதைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது.

கேட்டில் இருந்து அறை வரைக்கும் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். தண்ணீர் எப்போது வரும், எந்தக் கடையில் மீன் நல்லது, எல்லாம். அறைக்குள் போய் நின்றவள் சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கண்ணைச் சுருக்கினாள்.

"ரொம்ப வெளிச்சமா இருக்குங்களே."

"அதுக்குத்தானம்மா சந்தனம் அடிச்சது."

"இல்லீங்க, எனக்கு நைட் டூட்டி. மாத்தி மாத்தி இல்ல, எப்பவுமே நைட்டுதான். பகல்ல தூங்கணும். இப்ப இருக்கிற ஹாஸ்டல்ல வெள்ளைச் சுவரு, கண்ணை மூடினாலும் வெளிச்சம் உள்ள வருது. நல்ல இருட்டா இருந்தாதான் எனக்குத் தூக்கம்." பிறகு, மனம் கோணக் கூடாதே என்று, "ரூம் நல்லாத்தாங்க இருக்கு, யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

யோசிச்சுச் சொல்றேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. அவள் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கியும் விட்டாள். நான் செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே போனேன்.

"டார்க்கா அடிச்சுத் தாரேன். கருநீலம். ஜன்னலுக்குக் கெட்டித் துணியில கர்ட்டன். பத்து நாள் பொறுத்துக்கிடுவியா?"

"எனக்காகவா? வேணாங்க, இப்பதான அடிச்சிருக்கீங்க."

"ஒனக்காக இல்ல. எனக்கே சந்தனம் பிடிக்கல" என்றேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

"அடிச்ச சந்தனம் காயக்கூட இல்லயே டீச்சரம்மா" என்றார் சுடலை.

"காஞ்சிட்டு. நான் தொட்டுப் பாத்தேன்."

சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "லைட்டுக்கு மேல டார்க் அடிக்கதக்கூட நாலு கோட்டுல முடிச்சிரலாம். டார்க்குக்கு மேல லைட் அடிக்கதுதான் பெரும்பாடு, கீழ உள்ளது எட்டி எட்டிப் பாக்கும். பொறவு மாத்தணும்னு மட்டும் கூப்பிட்டுறாதீங்க."

மாற்றமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். மெர்சியிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நாலு சுவரும் கருநீலம். மேலே சீலிங்கை மட்டும் வெள்ளையாக விடச் சொல்லி சுடலை மன்றாடினார், விட்டேன். கர்ட்டனை இழுத்து மூடினால் பட்டப்பகலில் என் கையே எனக்கு மங்கலாகத்தான் தெரிகிறது. அறை சுருங்கிவிட்டது. ஆனால் ஒன்று, இருமினால் எதிரொலிக்கவில்லை. கட்டில் போட்டதால் இருக்கும்.

செப்டம்பர் 1, திங்கள்

வினோதினி வந்துவிட்டாள். ஒரு சூட்கேஸ், ஒரு பக்கெட், ஒரு டேபிள் ஃபேன். கதவைத் திறந்து பார்த்ததும், "அம்மாடி, இதுதாங்க எனக்கு வேணும்" என்றாள். மனசு நிறைந்துவிட்டது. என்னை ஆன்ட்டி என்றாள், டீச்சர் என்று கூப்பிடச் சொன்னேன். ஆப்பமும் தேங்காய்ப் பாலும் செய்து வைத்திருந்தேன். "தூங்கி எழுந்து சாப்பிடறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். நைட் டூட்டி முடித்து நேரே வந்திருக்கிறாள், பாவம்.

சாயங்காலம் எழுந்து அவசர அவசரமாக இரண்டு ஆப்பம் சாப்பிட்டாள். ஆஸ்பத்திரி வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டாள்.

செப்டம்பர் 3, புதன்

வீட்டில் ஆள் இருப்பது தைரியமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

சில ஏற்பாடுகள் செய்திருக்கிறேன். அந்தப் பிள்ளை இரவெல்லாம் உயிருக்குப் போராடுகிறவர்களோடு நின்றுவிட்டு வருகிறாள், பகலில் நிம்மதியாகத் தூங்க வேண்டும். குக்கரை மேலே தூக்கி வைத்துவிட்டேன், பானையில்தான் சோறு. மிக்ஸி அவள் டூட்டிக்குப் போன பிறகு. காலிங் பெல் ஒயரைக் கழற்றியாகிவிட்டது. டி.வி.யில் படம் மட்டும் ஓடுகிறது. செய்தி வாசிக்கிற பெண்ணின் உதட்டைப் பார்த்தே பாதி விஷயம் சொல்லிவிடுவேன், அவ்வளவு பழகிவிட்டது. என் அறைக் கதவு கிரீச்சிடும், எண்ணெய் போட்டும் கேட்கவில்லை. அதனால் பாயையும் தலையணையையும் ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மீன்காரம்மாவிடம் கூவாமல் போகச் சொன்னேன். "கூவாம எப்படி மீன் விக்க?" என்று கேட்டாள். அதுவும் சரிதான்.

வினோதினி வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. பூனை மாதிரி நடக்கிறாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

கேட் பூட்டும்போது வினோதினியைப் பார்த்தேன். தலையசைத்தாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நேற்று ராத்திரி அவளுக்கு டூட்டி இல்லை, இன்றும் லீவு. சர்ச் முடிந்து ஓட்டமாக வந்து ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்தேன், இரண்டு தட்டு எடுத்து வைத்தேன். மத்தியானம் வரை கதவு திறக்கவில்லை. தூங்குகிறவளை எழுப்புவது பாவம். மூன்று மணிக்குமேல் நான் சாப்பிட்டேன். அவள் சாயங்காலம் எழுந்து தலைக்குக் குளித்து, தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினாள். கறி இருக்கிறது என்றேன். "ஐயோ, நான் ஞாயித்துக்கிழமை வெளியதான் டீச்சர் சாப்பிடுவேன், எனக்காக எதுவும் செய்யாதீங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

அவள் போன பிறகு அந்த அறைக்குள் போய்ச் சற்று உட்கார்ந்திருந்தேன். கர்ட்டன் மூடியே இருந்தது. நன்றாகத்தான் தூக்கம் வரும், குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்கு இருக்க முடியவில்லை. சந்தனமாக இருந்தபோது காலை வெயில் சுவரில் விழுந்து அறை முழுக்கப் பரவும். எழுந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

மெர்சி வந்தாள். மாப்பிள்ளைக்குத் திருநெல்வேலியில் ஏதோ வேலையாம், அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். சதை போட்டிருக்கிறாள், முகத்தில் ஒரு மினுமினுப்பு. மார்த்தாண்டம் தேன் ஒரு பாட்டில், நேந்திரங்காய்ச் சிப்ஸ் ஒரு பொட்டலம். உள்ளே நுழையும்போதே, "யக்கா, என்ன இப்படி மெலிஞ்சு போயிட்ட" என்று ஒரு சத்தம்.

நான் வாயில் விரலை வைத்தேன். "மெல்லப் பேசுட்டி. பிள்ள தூங்குது."

"பகல் பதினோரு மணிக்கா?"

"நைட் டூட்டி."

சமையலறைக்குக் கூட்டிப் போனேன். அவள் சிரிக்கச் சிரிக்க நான் கையைக் காட்டிக்கொண்டே இருந்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்தால் தொடையில் அடித்துக்கொண்டு சிரிப்பாள், சின்ன வயதில் இருந்தே அப்படி. மாப்பிள்ளை தோசை வார்த்த கதையைச் சொல்லி அப்படித்தான் சிரித்தாள். நான் எழுந்து சமையலறைக் கதவைச் சாத்தினேன். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

"என் ரூமைப் பாக்கணும்" என்றாள்.

"அவ எந்திரிக்கட்டும். அஞ்சு மணி ஆகும்."

"நீலமா அடிச்சிருக்க?"

எப்படித் தெரிந்ததோ. தலையாட்டினேன். கொஞ்ச நேரம் இருவரும் குசுகுசுவென்று பேசினோம், திருட வந்தவர்கள் மாதிரி. பிறகு அதுவும் ஓய்ந்தது. நாலு மணிக்கே மாப்பிள்ளைக்கு போன் போட்டு வரச்சொல்லிவிட்டாள்.

"ஒங்கூட நல்லா ஒரு சண்ட போடணும்னு வந்தேங்க்கா" என்றாள் கேட்டில் நின்று. "சண்ட போடக்கூட சத்தம் வேணும்லா."

அவள் பையில் நைட்டி மடித்து வைத்திருந்தாள், துண்டும் பிரஷும் இருந்தன. தேன் பாட்டிலை எடுத்துத் தந்தபோதே நான் பார்த்துவிட்டேன். ராத்திரி தங்கத்தான் வந்திருக்கிறாள். இரு என்று நான் சொல்லியிருக்கலாம். அவளை எங்கே படுக்கவைப்பது, விடிய விடியப் பேசுவாளே, காலையில் அந்தப் பிள்ளை வந்து தூங்க வேண்டுமே என்றுதான் என் யோசனை போனது.

அக்டோபர் 12, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 5, புதன்



சாயங்காலம் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வினோதினி எழுந்துவிட்டாள், கூட வேலை பார்க்கிற பெனாசிர் என்கிற பெண் வீடு பார்க்க வந்திருந்தாள். அவளும் நைட் டூட்டிதானாம். நான் உள்ளே இருப்பது தெரியாமல் ஹாலில் நின்று பேசினார்கள்.

"ரூமைப் பாருடி. ஹாஸ்டல்ல செத்தோமே. இங்க படுத்தா சாயந்தரம் வரைக்கும் கண்ணு தொறக்காது" என்றாள் வினோதினி.

"ஹவுஸ் ஓனர் எப்படி? நொய்நொய்யின்னு பேசுவாங்களா?"

"ஐயோ, தங்கம்டி. அவங்க இருக்கறதே தெரியாது. வீட்டுல ஆளே இல்லாத மாதிரி இருக்கும்."

கீரையைக் கையில் வைத்தபடியே நான் ஹாலுக்குப் போனேன். இருவரும் சிரித்தார்கள், வணக்கம் சொன்னார்கள். பெனாசிர் என் அறையை எட்டிப் பார்த்தாள். "டீச்சர், நீங்க ஹால்லதான் படுக்கறீங்கன்னு வினோ சொன்னா. இந்த ரூமையும் அதே மாதிரி டார்க்கா அடிச்சுத் தருவீங்களா? நாங்க ரெண்டு பேருமே இருந்துக்குவோம்" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். வினோதினி, "டீச்சர் ஒத்துப்பாங்க" என்றாள்.

"முடியாது" என்றேன். "அது என் ரூம். இந்த வீட்டுல ஆள் இருக்கு."

அது என் பழைய குரல். எங்கே இருந்து வந்ததென்று தெரியவில்லை. எதிர் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பெனாசிர் செருப்பைத் தேடினாள். வினோதினியின் முகம் வெளுத்துவிட்டது. வேன் வந்தது, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, பயம். இப்படியே போனால் நான் செத்தால்கூட இந்த வீட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது என்கிற பயம். எழுதிவிட்டேன், இனி இந்த வரியை அடிக்கப்போவதில்லை.

நாளைக்கு அவள் காலி செய்கிறேன் என்பாள். அறையை என்ன செய்வது. கீழே உள்ளது எட்டிப் பார்க்கும் என்று சுடலை அன்றைக்கே சொல்லிவிட்டார்.

நவம்பர் 6, வியாழன்

வினோதினி டூட்டி முடித்து வந்தாள். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். அறைக்குப் போகவில்லை அவள். பையைக் கீழே வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் செருப்பு இருந்தது.

"செருப்ப ஏன் கைல வச்சிருக்க?"

"எப்பவும் கேட்லயே கழட்டிட்டுதான் டீச்சர் வருவேன். சத்தம் கேட்டா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு." செருப்பைக் கீழே போட்டாள். "நீங்க ரொம்ப அமைதியானவங்கன்னு நினைச்சேன். டி.வி. கூட சத்தமில்லாம பாக்கறீங்க. பெல் அடிக்காது, குக்கர் அடிக்காது. பேசினாலே உங்களுக்குப் பிடிக்காதுன்னு நினைச்சேன்."

"ஏட்டி, நான் பி.டி. டீச்சர்" என்றேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? நீங்க சொல்லவே இல்லயே."

"நீ தூங்கணுமேன்னுதான் எல்லாத்தையும் நிப்பாட்டினேன்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் இருட்டுதான டீச்சர் கேட்டேன். சத்தம் வேணாம்னு எப்பக் கேட்டேன்? ஐ.சி.யூ.ல ராவெல்லாம் மெஷின் கத்திக்கிட்டே இருக்கும். சத்தம் இருந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது."

ஆகஸ்ட் பதினேழாம் தேதி என்ன எழுதியிருக்கிறேன் என்று பின்னால் திருப்பிப் பார்த்தேன். அவள் சொல்வது சரி. வெளிச்சம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். மிச்சத்தை நானாகச் சேர்த்துக்கொண்டேன். மெர்சி சிரித்த சிரிப்பையும் நானாகத்தான் கதவைச் சாத்தி அடைத்தேன்.

"சரி, பேசுங்க. கொஞ்ச நேரம் முழிச்சிருக்கேன்" என்றாள், கன்னத்தில் கை வைத்து.

இரண்டு மாதமாக இவளிடம் சொல்ல எவ்வளவோ வைத்திருந்தேன், எல்லாம் எங்கே போனதோ. கடைசியில் அந்த அறையைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். அது யாருடைய அறை, ஏன் காலியானது. பேசப் பேச, இந்த நோட்டில்கூட நான் எழுதாத விஷயத்துக்கு வந்துவிட்டேன். அந்தச் சம்பந்தத்தை மெர்சிக்குப் பார்த்ததே நான்தான். ஞானசிகாமணியின் அக்கா சர்ச்சில் வந்து கேட்டபோது, மெர்சி தயங்கினாள், ஒன்ன விட்டுட்டு எப்படி என்றாள். நீ போ, எனக்கென்ன, நான் பார்த்துக்கிடுதேன் என்று நான்தான் சொன்னேன். போகமாட்டேன் என்று சொல்வாள் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அவள் சரி என்றுவிட்டாள். அன்றைக்கு நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் என்று வினோதினியிடம் சொன்னேன். என் குரலிலேயே சொன்னேன், வீடு முழுக்கக் கேட்டது.

பார்த்தால், மேஜையில் கையை மடித்து அதில் தலையை வைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். கிழக்கு ஜன்னல் வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

அடுத்து ஆரம்பித்த, மெர்சியின் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போன கதை பாதியில் இருந்தது. நான் நிறுத்தவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை.